கதவைத் திறந்தால் இரண்டு லேப்டாப்

அன்புள்ள ஐயா,

சென்னையில் ஒரு ஐடி நிறுவனத்தில் சேர்ந்து ஐந்து மாதம் ஆகிறது. ஜாவா கிடைக்கும் என்று நம்பியிருந்தேன், வங்கிகள் போன்ற பெரிய நிறுவனங்களின் கணக்குகளை ஓட்டும் பெரிய கணினியான மெயின்ஃப்ரேமில் போட்டுவிட்டார்கள். எனக்குத் தெரிவதெல்லாம் ஒரு கறுப்புத் திரையும் பச்சை எழுத்தும்தான். பழுது பார்க்க வருபவரையும் மனதில் வைத்துச் செய்த இயந்திரம் அது என்று நீங்கள் முன்பு எழுதியிருந்தீர்கள். அப்படி அதில் என்ன இருக்கிறது? ஒரு நெட்வொர்க் கார்டு போனால் அங்கே மட்டும் என்ன வித்தியாசமாக நடந்துவிடும்?

– வாசகி, சென்னை

அன்புள்ள வாசகிக்கு,

நீங்கள் பார்க்கும் அந்தப் பச்சைத் திரை 1971-இல் வந்த 3270 டெர்மினலின், அதாவது மெயின்ஃப்ரேமோடு பேசும் பழைய திரையின் சாயல், அவ்வளவுதான். அதை வைத்துப் பெட்டியை எடைபோடாதீர்கள். பெட்டி அநேகமாக வேறு ஊரில், ஏன் வேறு நாட்டிலேயே இருக்கும். சென்னையில் உட்கார்ந்து இதில் பல வருஷம் வேலை பார்த்தும் ஒரு மெயின்ஃப்ரேமை நேரில் பார்க்காதவர்கள் நிறையப் பேர்.

2008-இல் வந்த ஐபிஎம் இசட்10-ஐ எடுத்துக்கொள்வோம். ஆளை விட உயரமான இரண்டு ஃப்ரேம், ஒட்டினாற்போல. கதவைத் திறந்தால் உள்ளே இரண்டு திங்க்பேட் லேப்டாப்கள் பொருத்தியிருக்கும். முதல்முறை பார்க்கிறவர்கள் எல்லோரும் கேட்பது, இவ்வளவு விலை உள்ள இயந்திரத்துக்குள் சாதாரண லேப்டாப் எதற்கு என்றுதான். அதன் பெயர் சப்போர்ட் எலிமென்ட், நாங்கள் எஸ்இ என்போம். வங்கிக் கணக்கில் ஒரு ரூபாயைக்கூட அது கூட்டிக் கழிக்காது. இயந்திரத்தைக் கவனித்துக்கொள்வது மட்டுமே அதன் வேலை. மின்சாரம் சரியாக வருகிறதா, சூடு ஏறுகிறதா, எந்தக் கார்டு முனகுகிறது என்று பார்த்துக்கொண்டே இருக்கும். அந்த லேப்டாப்பே கெட்டுப்போனால்? அதற்குத்தான் இரண்டாவது. பிறகு வந்த மாடல்களில் லேப்டாப் போய் மெல்லிய சர்வர் வந்தது, ஆனால் ஜோடி ஜோடிதான்.

எனக்கு இந்த இயந்திரத்தின் மேல் மரியாதை வந்தது வேகத்தைப் பார்த்து அல்ல. 'நான் கெட்டுப்போவேன்' என்று முதலிலேயே ஒப்புக்கொண்டு வடிவமைத்த பெட்டி இது. 1998-இல் வந்த ஜி5 ப்ராசசரில் ஒரே கட்டளையை இரண்டு சுற்றுகள் சேர்ந்தாற்போலச் செய்து விடையை ஒப்பிட்டுப் பார்க்கும். ஒத்துவரவில்லை என்றால் மறுபடி செய்யும், அப்போதும் தகராறு என்றால் வேலையை அப்படியே சும்மா இருக்கும் ஸ்பேர் ப்ராசசருக்கு மாற்றிவிடும், புரோகிராமுக்கு எதுவும் தெரியாது. 2010-இல் இசட்196 வந்தபோது மெமரியிலும் ஒரு சேனல் முழுசாகப் போனாலும் தாங்குகிற ஏற்பாடு வந்தது.

பழுது என்றால் எச்எம்சி, அதாவது வெளியே இருக்கும் மேலாண்மைக் கன்சோல், ஐபிஎம்முக்குத் தானே தகவல் அனுப்பும், எந்தப் பாகம் என்பதோடு சேர்த்து. சிஇ, அதாவது பழுது பார்க்கும் எஞ்சினியர், பாகத்தோடு வாசலில் வந்து நிற்பார். நான் கூடவே நின்று பார்த்திருக்கிறேன். மணிக்கட்டில் எர்த் பட்டையைக் கட்டிக்கொண்டார், எஸ்இ திரையில் 'இந்தக் கார்டை ஆஃப் செய்யட்டுமா' என்று கேட்டது, சரி என்றார், அத்தனை கார்டுகளுக்கு நடுவில் அந்த ஒன்றின் பக்கத்தில் மட்டும் சின்ன விளக்கு எரிந்தது. உருவினார், புதியதைச் செருகினார், திரையே சோதித்துப் பார்த்து முடிந்தது என்றது. பகல் 11 மணி, பரிவர்த்தனைகள் ஓடிக்கொண்டே இருந்தன. ஐபிஎல் போடவில்லை. (இங்கே ஐபிஎல் என்றால் சிஸ்டத்தை முதலிலிருந்து ஏற்றுவது.)

இப்போது உங்கள் நெட்வொர்க் கேள்வி. வெளியுலகத்தோடு பேசுவது ஓஎஸ்ஏ கார்டு. ஒரே கார்டைப் பல எல்பார்கள் (ஒரே பெட்டியைப் பிரித்து உண்டாக்கிய தனித்தனி சிஸ்டங்கள்) பங்கிட்டுக்கொள்ளும். ஒரே நெட்வொர்க்கில் இரண்டு கார்டு இருந்து ஒன்று போய்விட்டால், இன்னொன்று 'இனி அந்த ஐபி விலாசத்துக்கு வருவதை என்னிடம் அனுப்புங்கள்' என்று ஏஆர்பி என்ற நெட்வொர்க் செய்தி மூலம் அறிவித்து எடுத்துக்கொள்ளும். அதைவிட அழகு விபா, மெய்நிகர் ஐபி. அந்த விலாசம் எந்தக் கார்டுக்கும் சொந்தமில்லை, டிசிபி ஐபி ஸ்டாக்குக்கு, அதாவது சிஸ்டத்தின் நெட்வொர்க் மென்பொருளுக்குச் சொந்தம். முன்வாசல் அடைபட்டால் கொல்லைப்புறமாக வரலாம், வீடு அதே வீடுதான். டைனமிக் விபா என்றால் சிஸ்டமே விழுந்தாலும் சிஸ்ப்ளெக்ஸில், அதாவது சேர்ந்து இயங்கும் சிஸ்டங்களின் கூட்டத்தில், இருக்கும் இன்னொரு சிஸ்டத்துக்கு விலாசம் குடிபோய்விடும். ஒரே பெட்டிக்குள் இருக்கும் எல்பார்கள் தங்களுக்குள் பேச ஹைப்பர்சாக்கெட்ஸ் இருக்கிறது. கேபிளும் இல்லை, கேபிள்களை இணைக்கும் ஸ்விட்சும் இல்லை, மெமரியிலிருந்து நேராக மெமரிக்கு. இல்லாத கேபிள் கழன்று விழ முடியாது, இல்லையா.

ஆனால் பெட்டிக்கு வெளியே நாம் இருக்கிறோம். நான் வேலை பார்த்த ஒரு இடத்தில் இரண்டு ஓஎஸ்ஏ, விபா, எல்லாம் ஒழுங்காகப் போட்டிருந்தோம். ஒரு சனிக்கிழமை ராத்திரி நெட்வொர்க் குழு ஒரு ஸ்விட்சை அப்கிரேடு செய்ய ரீபூட் செய்தது. ஏடிஎம்கள் மொத்தமாக நின்றன. கன்சோலில் பார்த்தால் இயந்திரம் நன்றாக இருக்கிறது, பேட்ச் (மொத்தமாக ஓடும் வேலைகள்) ஓடுகிறது, இரண்டு கார்டும் நலம், ஆனால் இரண்டிலும் லிங்க் இல்லை. தரைப் பலகையைத் தூக்கி, டார்ச் அடித்து, மஞ்சள் ஃபைபரைக் கையால் தடவிக்கொண்டே போனால் இரண்டும் ஒரே ஸ்விட்சில் அடுத்தடுத்த போர்ட்டில் போய்ச் செருகியிருந்தன. இடம் காலியாக இருந்தது என்று எப்போதோ யாரோ செருகியது. 20 நிமிடம். அந்த நேரத்தில் ஆஸ்பத்திரி வாசலில் பணம் எடுக்க நின்றவர் யாராவது இருந்திருப்பார், அதை நினைத்தால் இன்றைக்கும் கஷ்டமாக இருக்கிறது.

பழைய இரும்பு என்று யாராவது சொன்னால் வாதாட வேண்டாம். திங்கட்கிழமை போனதும் உங்கள் சீனியரிடம் நெட்வொர்க் நிலையைக் காட்டும் நெட்ஸ்டாட் கமாண்டில் விபாவை எப்படிப் பார்ப்பது என்று கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம் நெட்வொர்க் குழுவில் ஒருவரைப் பிடித்து, நம் இரண்டு ஓஎஸ்ஏவின் கேபிளும் எந்த ஸ்விட்சுக்குப் போகிறது, அந்த ஸ்விட்சுகளுக்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். என்ன பதில் வந்தது என்று எனக்கு எழுதுங்கள்.