'கொகோரோ'வில் யார் துரோகி? – கடிதம்

வணக்கம்,

நானும் என் நண்பனும் கல்லூரிக் காலத்திலிருந்தே புத்தகங்களை மாற்றிக்கொள்கிறவர்கள். "படி, அப்புறம் பேசுவோம்" என்பதுதான் எங்களுக்குள் ஒரே நிபந்தனை. போன மாதம் அவனுக்கு ஜப்பானிய எழுத்தாளர் நட்சுமே சோசெகியின் 'கொகோரோ' நாவலைக் கொடுத்தேன். தான் குடியிருந்த வீட்டுப் பெண்ணை, அவளைக் காதலித்த நண்பன் 'கே'வுக்குத் தெரியாமல் பெண் கேட்டு மணந்துகொண்ட சென்செய் என்பவரின் கதை அது. படித்துவிட்டு, "இதில் துரோகம் எங்கே இருக்கிறது? அவளை முதலில் காதலித்தவர் சென்செய். பெண் கேட்டார், கொடுத்தார்கள். கே தற்கொலை செய்துகொண்டால் அதற்கு அவர் என்ன செய்வார்?" என்கிறான். எனக்கோ அது கூட இருந்தே குழி பறித்தவரின் கதை. பேச்சு முற்றி, "உன்னிடமெல்லாம் ரகசியமே சொல்லக்கூடாது போல" என்று சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு அவன் என்னிடம் புத்தகம் கேட்கவில்லை. எங்களில் யார் சொல்வது சரி?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் நண்பர் சொல்வதில் பாதி சரி. காதலில் முந்தியவர் சென்செய்தான். பெண் கேட்டதை மட்டும் குற்றமாக வைத்தால் வழக்கு நிற்காது.

கே தன் காதலைச் சொல்லும்போது சென்செய் வாயடைத்துப் போகிறார். அதை விட்டுவிடலாம், அந்த அதிர்ச்சியில் யாருக்கும் பேச்சு வராது. அதற்குப் பிறகு வரும் நாட்களைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. உயேனோ பூங்காவில் கே தடுமாறிப்போய் அவரிடமே யோசனை கேட்கிறான். ஆன்மிகத்தில் முன்னேறும் வேட்கை இல்லாதவன் முட்டாள் என்று முன்பு கே சொன்ன வாக்கியத்தை எடுத்து அவன்மீதே வீசுகிறார் சென்செய். ஒருமுறை சொல்லிவிட்டு, போதாதென்று இன்னொரு முறையும். கே எதைப் பற்றிக்கொண்டு வாழ்கிறான், எங்கே தொட்டால் சரிவான் என்பதெல்லாம் நெருங்கிய நண்பனுக்குத்தான் தெரியும். அவர் அதைப் பயன்படுத்திக்கொள்கிறார். என்னைக் கேட்டால் துரோகம் அங்கேயே முடிந்துவிட்டது. உடம்பு சரியில்லை என்று பொய் சொல்லி வீட்டிலிருந்து, கே இல்லாத நேரம் பார்த்துத் தாயிடம் பெண் கேட்டதெல்லாம் மிச்சக் காரியம்.

இத்தனைக்கும் கேயை அந்த வீட்டுக்குக் கூட்டிவந்ததே அவர்தான். அவனுக்குத் தெரியாமல் அவன் சாப்பாட்டுச் செலவையும் ஏற்றுக்கொண்டார். பெற்றோர் இறந்ததும் சொத்தில் கைவைத்த சித்தப்பாவால் மனிதர்கள்மீதே நம்பிக்கை இழந்தவர் வேறு. தானும் அந்தச் சித்தப்பாவைப் போன்ற ஆள்தான் என்று பின்னால் அவருக்கே புரிகிறது.

திருமணம் நிச்சயமான செய்தியை கேயிடம் சொன்னது அந்தப் பெண்ணின் தாய். சென்செய் நாளைக் கடத்திக்கொண்டே இருக்கிறார். சரி, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்த இரவில் கே இறந்துபோகிறான். உடலைக் கண்டதும் அவர் பதறிப் பிரிப்பது கே எழுதிவைத்த கடிதத்தை. தன்னைக் குறைசொல்லி அதில் எதுவும் இல்லை என்று தெரிந்ததும் ஒரு நிம்மதி வருகிறது பாருங்கள், உங்கள் நண்பரிடம் அந்தப் பக்கத்தை இன்னொரு தடவை படிக்கச் சொல்லுங்கள். 1914இல் நாளிதழில் தொடராக வந்த நாவல் இது. மறுநாள்வரை அந்த நிம்மதியோடு காத்திருந்த வாசகர்களை நினைத்தால் எனக்குப் பாவமாக இருக்கிறது.

நீங்கள் இருவருமே கதைசொல்லும் இளைஞனைக் கவனிக்கவில்லை. இந்தக் கதையையெல்லாம் சொல்லி சென்செய் அனுப்பிய கடிதம் கையில் கிடைத்ததும் சாகக் கிடக்கும் அப்பாவை விட்டுவிட்டு ரயிலேறுகிறவன் அவன். தன் மனைவி உயிரோடு இருக்கும்வரை எல்லாவற்றையும் ரகசியமாக வைத்துக்கொள் என்று அவனை நம்பித்தான் சென்செய் கடிதத்தை முடிக்கிறார். ஆனால் முதல் பகுதியிலேயே, சென்செயின் மனைவிக்கு இன்றுவரை அது தெரியாது என்று அவன் எழுதியிருக்கிறான். அப்படியானால் அந்த மனைவி உயிரோடு இருக்கும்போதே இதை எழுதிக்கொண்டிருக்கிறான். சென்செயின் நம்பிக்கை என்ன ஆயிற்று? சோசெகி இதைத் தெரிந்தே வைத்தார் என்றுதான் நான் நினைக்கிறேன்.

நண்பரிடம் நீங்கள் சொன்ன வார்த்தை அநியாயம். ஒரு பாத்திரத்துக்காக வாதாடுகிறவர் தானும் அப்படி நடப்பார் என்று எப்படி முடிவுகட்டினீர்கள்? "அப்புறம் பேசுவோம்" என்ற நிபந்தனையில் அவருடைய குணத்துக்கு மதிப்பெண் போடுவது இல்லையே. ஆளைச் சோதிக்கப் புத்தகம் கொடுக்க ஆரம்பித்தால் அடுத்ததைப் பயந்து பயந்துதான் வாங்குவார்.

முதலில் மன்னிப்பு கேளுங்கள். அப்புறம் இந்த முறை அவர் ஒரு புத்தகம் சொல்லட்டும், நீங்கள் படியுங்கள். இளைஞனைப் பற்றி அவர் என்ன சொல்கிறார் என்று எனக்கும் எழுதுங்கள். சென்செயை இவ்வளவு சுலபமாக விடுவித்தவர் இவனையும் விடுகிறாரா என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது.

அன்புடன்