தோட்டா இடப்பக்கம் கீழே விழுகிறது: முன்குறியை அராவலாமா?

கேள்வி: களக்காட்டுப் பக்கம் வாழை விவசாயம் செய்கிறேன், வயது 54. தகப்பனாரின் .315 ரைபிள், அவர் காலமான பிறகு முறைப்படி என் பெயருக்கு உரிமம் பெற்று என்னிடம் இருக்கிறது. தேர்தலின்போது காவல் நிலையத்தில் ஒப்படைத்துத் திரும்ப வாங்கினேன். சென்ற மாதம் அனுமதி பெற்றுச் சுடுதளத்தில், குழலை மணல் மூட்டைமேல் வைத்து, 50 மீட்டர் தூரத்தில் ஐந்து தோட்டா சுட்டேன். காலை ஒன்பது மணி. வெயில் வலப்பக்கத்திலிருந்து அடித்தது. 15 செ.மீ. விட்டமுள்ள கறுப்பு வட்டத்தின் அடிவிளிம்பில் குறிவைத்தேன். ஐந்தும் ஓர் உள்ளங்கை அகலத்துக்குள் சேர்ந்து, வட்டத்தின் மையத்திலிருந்து இடப்பக்கம் 8 செ.மீ., கீழே 12 செ.மீ. தள்ளி விழுந்தன. குழல் நுனியில் நிற்கும் முன்குறிக்கும், கண்ணுக்கு அருகில் பள்ளத்தோடு இருக்கும் பின்குறிக்கும் இடையே 50 செ.மீ. இருக்கிறது. முன்குறியைக் கொஞ்சம் அராவிவிட்டால் சரியாகிவிடும் என்கிறார் நண்பர். செய்யலாமா?

பதில்: இப்போதைக்கு அரத்தைக் கையில் எடுக்க வேண்டாம். முன்குறியின் உயரம் குறைந்தால் தோட்டா மேலே ஏறும் என்று உங்கள் நண்பர் சொல்வது உண்மைதான். ஆனால் அராவிய இரும்பைத் திரும்ப ஒட்ட முடியாது. நீங்கள் அளந்து சொன்ன 8, 12 என்ற இரண்டு எண்களில் துப்பாக்கியின் பங்கு எவ்வளவு, வெயிலின் பங்கு எவ்வளவு, குறிவைத்த முறையின் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்த்த பிறகு மிஞ்சுவதை மட்டுமே துப்பாக்கியில் திருத்த வேண்டும். ஆயுதப்படையில் ஆர்மரராக, அதாவது துப்பாக்கிகளைப் பராமரித்துப் பழுதுபார்ப்பவராக இருந்த காலத்தில், அவசரப்பட்டு அராவப்பட்ட முன்குறிகளைப் பல தடவை கழற்றி மாற்றியிருக்கிறேன் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

முதலில் 12 செ.மீ. இறக்கத்தைப் பார்ப்போம். நீங்கள் குறிவைத்தது வட்டத்தின் அடிவிளிம்பில்; அளந்தது வட்டத்தின் மையத்திலிருந்து. 15 செ.மீ. வட்டத்தில் அடிவிளிம்பே மையத்திலிருந்து 7.5 செ.மீ. கீழே இருக்கிறது. ஆகவே குறிவைத்த புள்ளியிலிருந்து தோட்டா உண்மையில் இறங்கியது 4.5 செ.மீ. மட்டுமே. வட்டத்தின் அடியில் குறிவைத்து நடுவில் தோட்டா விழும்படி குறிகளை அமைப்பது (இதை ஜீரோ செய்வது என்பார்கள்) போட்டிக்குச் சுடுபவர்களின் வழக்கம். அவர்களுடைய வட்டத்தின் அளவு எப்போதும் ஒன்றே என்பதால் அது அவர்களுக்குப் பொருந்துகிறது. உங்களைப் போன்றவர்கள் குறிவைத்த இடத்திலேயே தோட்டா விழும்படி அமைத்துக்கொள்வதே நல்லது. 12 செ.மீ. என்று நம்பி அராவியிருந்தால், அடுத்த முறை குறிவைத்த இடத்துக்கு 7.5 செ.மீ. மேலே சுட்டுக்கொண்டிருப்பீர்கள்.

அடுத்தது இடப்பக்கம் போன 8 செ.மீ. காலை வெயில் வலப்பக்கத்திலிருந்து அடித்ததாக எழுதியிருக்கிறீர்கள். பழைய ரைபிள்களில் முன்குறியின் கறுப்புப் பூச்சு உரசி உரசித் தேய்ந்து வெள்ளை இரும்பு தெரியும். வலப்பக்கம் வெயில் பட்டால் அந்தப் பக்கம் மட்டும் மின்னும்; கண் அந்த மின்னும் விளிம்பையே முன்குறி என்று எடுத்துக்கொண்டு, அதைப் பின்குறிப் பள்ளத்தின் நடுவில் நிறுத்தும். அப்போது முன்குறி மொத்தத்தில் இடப்பக்கம் ஒதுங்கியிருக்கும். தோட்டாவும் இடப்பக்கம் போகும். வெயில் எந்தப் பக்கமோ அதற்கு எதிர்ப்பக்கம் தோட்டா விலகும் என்பது வெளியில் சுட்டுப் பழகியவர்களுக்குத் தெரிந்த விஷயம்.

இதற்கு வைத்தியம் வீட்டிலேயே இருக்கிறது. துப்பாக்கியில் தோட்டா இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, தோட்டாக்களை வேறு அறையில் வைத்துவிட்டு, முன்குறியை எண்ணெய்ப் பசை போகத் துடையுங்கள். ஒரு சூடத்தைக் கொளுத்தி, அதன் கரும்புகை முன்குறியின் பின்பக்கத்திலும் இரு பக்கங்களிலும் படியும்படி சில நொடிகள் காட்டுங்கள். மினுக்கமே இல்லாத கறுப்பாக அது ஆகிவிடும். பின்குறியின் முகத்துக்கும் இதையே செய்யலாம். விரல் பட்டால் புகைக்கரி போய்விடும். ஆகவே சுடுதளத்துக்குப் புறப்படும் முன்னரோ அங்கே போய் அனுமதி கேட்டோ செய்துகொள்ளுங்கள்.

ஒளி ஏன் இவ்வளவு பெரிய வித்தியாசம் செய்கிறது என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. அதுவே குறியைத் திருத்துவதற்கும் கணக்கு. உங்கள் இரு குறிகளுக்கும் இடைப்பட்ட தூரம் 50 செ.மீ.; இலக்கு 50 மீட்டரில், அதாவது நூறு மடங்கு தள்ளி இருக்கிறது. பின்குறிப் பள்ளத்துக்குள் முன்குறி ஒரு மில்லிமீட்டர் விலகினால் இலக்கில் அது நூறு மில்லிமீட்டர், அதாவது 10 செ.மீ. விலகலாகும். அரை மில்லிமீட்டர் மினுக்கம் கண்ணை ஏமாற்றினாலே 5 செ.மீ. போய்விடும். ஆனால் முன்குறியும் பின்குறியும் ஒழுங்காக நிற்க, குறிவைத்த புள்ளி மட்டும் இலக்கில் 1 செ.மீ. தவறினால் தோட்டாவும் 1 செ.மீ. மட்டுமே தவறும். ஆகவே கண்ணின் கூர்மை முழுவதும் முன்குறியின் நுனியில் இருக்க வேண்டும். இலக்கு சற்று மங்கலாகத் தெரிந்தாலும் பரவாயில்லை, பின்குறியும் மங்கலாகவே இருக்கட்டும். முன்குறியின் தலை பின்குறியின் இரு தோள்களுக்கும் சமமாக நிற்க வேண்டும். அதன் இருபுறமும் தெரியும் வெளிச்சம் ஒரே அளவாக இருக்க வேண்டும்.

இங்கே உங்கள் வயதையும் கவனிக்க வேண்டியிருக்கிறது. ஐம்பது கடந்த கண்ணுக்கு ஒரு கை தூரத்தில் இருக்கும் பொருள் தானாகத் தெளிவாவதில்லை. படிக்கும் கண்ணாடி 40 செ.மீ. தூரத்துக்கானது, தூரக் கண்ணாடி இலக்குக்கானது, முன்குறி இரண்டுக்கும் இடையில் நிற்கிறது. துப்பாக்கியைத் தோளில் வைத்த நிலையில் கண்ணிலிருந்து முன்குறிவரை உள்ள தூரத்தை ஒருவரைக் கொண்டு அளந்து, அந்த எண்ணைக் கண் மருத்துவரிடம் சொல்லிக் கண்ணாடி கேளுங்கள். முன்குறியே மங்கலாகத் தெரிகிற ஒருவருக்கு எந்தத் திருத்தமும் நிலைக்காது.

குழலை மூட்டைமேல் வைத்துச் சுட்டதையும் மாற்ற வேண்டும். சுடும்போது குழல் அதிர்கிறது. அடியில் கெட்டியான பொருள் இருந்தால் அது குழலை மேல்நோக்கித் தள்ளும், தோட்டா பெரும்பாலும் மேலே போகும். மூட்டை, குழலைத் தாங்கும் மரக்கட்டையின் முன்பகுதிக்கு அடியில்தான் இருக்க வேண்டும். குழல் எதையும் தொடக் கூடாது. கட்டைக்கு அடியில் வைத்துச் சுடும்போது, இப்போது கிடைத்ததைவிடச் சற்றுக் கீழே விழுந்தாலும் வியப்படைய வேண்டாம். அதுதான் உங்கள் துப்பாக்கியின் உண்மையான இடம். தேரிப் பகுதியின் நைசான செம்மணலைப் பருத்தித் துணிப்பையில் முக்கால் பங்கு நிரப்பினால் கட்டை அதில் நன்றாக அமர்ந்துகொள்ளும். பிளாஸ்டிக் சாக்கு வழுக்கும்.

இவற்றையெல்லாம் செய்த பிறகு மறுபடி சுட்டுப் பாருங்கள். போகும் முன் மூன்று இடங்களைத் தொட்டுப் பார்க்கவும்: குழலையும் கட்டையையும் பிணைக்கும் திருகுகள் இறுக்கமாக இருக்கின்றனவா, பின்குறி தான் பொருத்தப்பட்ட இடத்தில் ஆடுகிறதா, முன்குறி எந்தப் பக்கமாவது சாய்ந்து அடிபட்டிருக்கிறதா என்று. காவல் நிலையத்தில் பல துப்பாக்கிகளோடு சேர்த்துச் சாய்த்து வைக்கப்படும் ரைபிளில் இது நடக்கக்கூடியதே. பிறகு புல்த்ரூ எனப்படும் குழல் துடைக்கும் கயிற்றில் சிந்தித் துணி (துடைப்புத் துணித்துண்டு) கோத்துக் குழலுக்குள் இருக்கும் எண்ணெயை உலரத் துடைத்து எடுங்கள். எண்ணெய் இருக்கும் குழலில் முதல் தோட்டா தனியாக எங்கோ போகும்.

.315 தோட்டா விலை கூடியது, எண்ணிக்கையும் உரிமத்துக்கு உட்பட்டது. ஆகவே வீணாக்காமல் இருக்க, போல்ட் ரைபிளில் (குழலின் பின்வாயை அடைக்கும் போல்ட்டைக் கழற்ற முடிகிற ரைபிளில்) ஒரு வசதியைப் பயன்படுத்திக்கொள்ளலாம். சுடுதளத்தில் துப்பாக்கியை மூட்டைகளில் அசையாமல் அமர்த்தி, போல்ட்டைக் கழற்றி, பின்னாலிருந்து குழலுக்குள் பாருங்கள். 25 மீட்டரில் வைத்த இலக்கின் கறுப்பு வட்டம் குழல் துளையின் நடுவில் தெரியும்படி துப்பாக்கியை நிறுத்திவிட்டு, அதை அசைக்காமல் குறிகளின் வழியாகப் பாருங்கள். குறி பெரிதாக ஒரு பக்கம் காட்டினால் பிழை இரும்பில் இருக்கிறது. ஏறக்குறைய வட்டத்திலேயே நின்றால் பிழை பெரிதல்ல. இது தோராயமான சோதனைதான், தாளில் விழும் ஓட்டைகளுக்கு மாற்றாகாது.

பிறகு பழக்கத்துக்கு ஒன்று சுட்டுவிட்டு, ஐந்து தோட்டாக்களை ஒரே புள்ளியில் குறிவைத்துச் சுடுங்கள். ஒவ்வொன்றுக்கும் இடையில் குழல் ஆற நேரம் கொடுங்கள். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் துப்பாக்கியை மேசையில் திறந்த வெளியில் கிடத்தினால் அது ஆறாது, நிழலில் வைக்க வேண்டும். விடிந்த சற்று நேரத்துக்குள் போய்விடுவது இன்னும் நல்லது: கானல் எழும்பியிராது, ஆனி, ஆடி மாதங்களில் மேற்குத் தொடர்ச்சி மலையின் கணவாய்கள் வழியாக வரும் காற்றும் அப்போது சற்று அடங்கியிருக்கும். அந்தக் காற்று 50 மீட்டரில் .315 தோட்டாவைப் பெரிதாக நகர்த்தாது, ஆனால் சுடுபவரை ஆட்டும். .22 ரைபிள் வைத்திருப்பவர்களுக்கு நிலைமை வேறு: மணிக்கு 16 கி.மீ. வேகமுள்ள குறுக்குக் காற்றே அதே தூரத்தில் தோட்டாவை 2 முதல் 3 செ.மீ. தள்ளிவிடும். காற்று தள்ளியதைக் குறியில் திருத்திவிட்டால் காற்றில்லாத நாளில் எதிர்ப்பக்கம் தப்பும்.

ஐந்து ஓட்டைகளில் ஒன்று மட்டும் தனியே போயிருந்தால் அதைத் துரத்த வேண்டாம். கூட்டமாக விழுந்தவற்றின் நடுவை எடுத்து, குறிவைத்த புள்ளியிலிருந்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள். முடிந்தால் அனுபவமுள்ள இன்னொருவரையும், களத்தின் பொறுப்பாளர் அனுமதியோடு, மூன்று தோட்டா சுடச் சொல்லுங்கள். அவருடைய கூட்டமும் உங்கள் கூட்டம் விழுந்த இடத்திலேயே விழுந்தால் குறை துப்பாக்கியில் இருக்கிறது. அவருடையது நடுவில் விழுந்தால் குறை உங்கள் பார்வையிலோ விசையை இழுக்கும் விரலிலோ இருக்கிறது, அதற்கு என்.சி.சி. மாணவர்களுக்குச் சொல்லித்தரும் பயிற்சியே போதும். காலித் துப்பாக்கியின் குழல்மேல், முன்குறிக்குப் பின்னால், ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து, அது விழாமல் விசையை இழுத்துப் பழக வேண்டும்.

இப்போது இடப்பக்கம் 4 செ.மீ., கீழே 5 செ.மீ. மிஞ்சியதாக வைத்துக்கொள்வோம். நூறால் வகுத்தால் பக்கவாட்டில் 0.4 மி.மீ., உயரத்தில் 0.5 மி.மீ. தோட்டா எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கமே பின்குறியை நகர்த்த வேண்டும். முன்குறி என்றால் அதற்கு நேர் எதிர்ப்பக்கம். ஆகவே பின்குறியை வலப்பக்கம் 0.4 மி.மீ. தள்ள வேண்டும், உயரத்துக்குப் பின்குறியை 0.5 மி.மீ. உயர்த்த வேண்டும். பின்குறியை உயர்த்த வழியே இல்லாத அமைப்பாக இருந்தால் மட்டும் முன்குறியை அராவலாம். அப்போதும் முதலில் கால் மில்லிமீட்டர் அராவி, சுட்டுப் பார்த்து, பிறகே மீதி.

இந்த வேலையை வீட்டுத் திண்ணையில் சுத்தியலோடு செய்ய வேண்டாம். துப்பாக்கியைப் பழுது பார்ப்பதற்கே 1959 ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி தனி உரிமம் வேண்டும். உரிமம் பெற்ற துப்பாக்கிப் பழுதுபார்ப்பவரிடம், ‘குறியைச் சரிசெய்து கொடுங்கள்’ என்று பொதுவாகச் சொல்லாமல், எந்தக் குறி, எந்தப் பக்கம், எத்தனை மில்லிமீட்டர் என்று எழுதிய தாளோடும் சுட்ட இலக்குத் தாளோடும் போங்கள். அவர் நகர்த்தும் முன் பழைய இடத்தைக் கோடிட்டுக் குறிக்கிறாரா, இரும்பால் நேராக அடிக்காமல் பித்தளைத் தண்டு வைத்துத் தட்டுகிறாரா என்று பாருங்கள். இந்த இரண்டையும் செய்பவர் வேலை தெரிந்தவர்.

எங்கே சுடுவது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வற்றிய குளத்திலோ கல்குவாரியிலோ சோதித்துப் பார்க்கும் எண்ணம் வேண்டாம். சின்ன .22 தோட்டாவே ஒன்றரை கிலோமீட்டர் போகக்கூடியது; .315 அதையும் தாண்டும், பாறையிலும் தண்ணீரிலும் பட்டுத் திரும்பும். உங்கள் வாழைத்தோட்டத்தைக் காட்டுப்பன்றிகள் உழுதுவிட்டுப் போகும் வேதனை எனக்குப் புரிகிறது. இருந்தாலும் 1972 ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் காட்டுப்பன்றிக்கும் பொருந்தும். துப்பாக்கி உரிமம் அதைச் சுடுவதற்கான அனுமதி ஆகாது. களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்தின் அடிவாரத்தில் இருக்கும் உங்களுக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். பயிர்ச் சேதத்துக்கு வனச்சரக அலுவலகத்தில் எழுத்தாக மனுக் கொடுங்கள்.

ஜீரோ சரியானதும், பின்குறிக்கும் அது அமர்ந்திருக்கும் இரும்புக்கும் குறுக்கே மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்றைப் பெயிண்டால் இழுத்துவிடுங்கள். அடுத்த தேர்தலுக்கு ஒப்படைத்துத் திரும்ப வாங்கும்போது அந்தக் கோடு நேராக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். உடைந்து விலகியிருந்தால் பழைய இடத்துக்குத் தள்ள வேண்டிய அளவு அதிலேயே தெரிந்துவிடும்.