கேமில் சேர்த்ததைக் காசாக்கலாமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஆன்லைன் கேமில் சேர்த்த கோல்டு (கேமுக்குள் செல்லும் பணம்), ஸ்கின் (ஆயுதம் போன்றவற்றின் தோற்றத்தை மாற்றும் பொருள்), ஐடி (கேம் கணக்கு) ஆகியவற்றை நிஜப் பணத்துக்கு விற்பது, வாங்குவது பற்றிய கேள்விகளை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: பல வருடங்களாக ஒரே கேமை விளையாடி வருகிறேன். வேலை கூடிவிட்டதால் இனி முடியாது. இப்போது எங்கேயும் கிடைக்காத அரிய பொருட்கள் என் ஐடியில் இருக்கின்றன. ஐடியோடு சேர்த்து நல்ல விலைக்குக் கேட்கிறார்கள். என் உழைப்பில் வந்ததை நான் விற்பதில் என்ன தவறு?

பதில்: உழைப்பு உங்களுடையதுதான், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் ஐடி உங்களுடையது அல்ல. சேரும்போது ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்று அழுத்தினீர்களே, அந்த நீண்ட ஒப்பந்தத்தை இப்போதாவது திறந்து பாருங்கள். ஐடியும் அதிலுள்ள பொருட்களும் நிறுவனத்துக்குச் சொந்தம், உங்களுக்கு இருப்பது பயன்படுத்தும் அனுமதி மட்டுமே, அந்த அனுமதியை இன்னொருவருக்கு விற்கக் கூடாது என்று பெரும்பாலான கேம்களில் எழுதியிருக்கும். மீறினால் ஐடியை மூடிவிடலாம், ஈடு எதுவும் தர வேண்டியதில்லை என்றும் இருக்கும். விற்றாலே போலீஸ் பிடிக்கும் என்று இதற்கு அர்த்தமில்லை. இது ஒப்பந்த மீறல். அதற்கான தண்டனையைக் கேம் நிறுவனமே கொடுத்துவிடும், பெரும்பாலும் முன்னறிவிப்பு இல்லாமல்.

இந்தத் தகராறு இன்று நேற்று வந்ததல்ல. 1999-ல் வெளியான எவர்குவெஸ்ட் கேமின் பொருட்களையும் ஐடிகளையும் ஆட்கள் ஈபேயில் ஏலம் விட்டார்கள். எட்வர்ட் காஸ்ட்ரோனோவா என்ற பொருளாதார ஆய்வாளர் 2001-ல் அந்த ஏல விலைகளை வைத்துக் கணக்குப் போட்டார். அந்தக் கற்பனை உலகத்தின் தலைக்கு ஈட்டும் மதிப்பு ரஷ்யாவுக்கும் பல்கேரியாவுக்கும் இடையில் வருகிறது என்று எழுதினார். மதிப்பு உண்மையானது என்பது அப்போதே தெரிந்துவிட்டது. ஆனாலும் கேமை நடத்திய சோனி நிறுவனம் அந்த ஏலங்களை எதிர்த்தது. 2007 ஜனவரியில் ஈபே இத்தகைய ஏலங்களையே நிறுத்தியது.

நீதிமன்றங்கள் என்ன சொல்லின என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். 2003-ல் பெய்ஜிங்கில் ஒருவர், தன் ஐடியிலிருந்து திருடுபோன ஆயுதங்களுக்காகக் கேம் நிறுவனத்தின் மீதே வழக்குப் போட்டு ஜெயித்தார். பொருட்களைத் திரும்பக் கொடுக்கச் சொல்லித் தீர்ப்பு வந்தது. ரூன்ஸ்கேப் கேமில் ஒரு சிறுவனை மிரட்டி அவனுடைய முகமூடியையும் தாயத்தையும் பறித்துக்கொண்டது திருட்டுதான் என்று 2012-ல் நெதர்லாந்து உச்ச நீதிமன்றம் சொன்னது. அதைச் சேர்க்க அவன் செலவிட்ட நேரமும் உழைப்பும் கணக்கில் வந்தன. இவை முக்கியமான தீர்ப்புகள், எனக்கு மகிழ்ச்சி தருபவையும்கூட. ஆனால் அவற்றில் பிரச்சினை திருட்டு. ‘விதியை மீறி விற்றேன், நிறுவனம் ஐடியை மூடிவிட்டது’ என்று போகிறவருக்கு இவற்றை வைத்து வாதாடுவது கடினம்.

சரி, என்ன செய்யலாம்? முதலில் உங்கள் கேம் எந்த வகை என்று பாருங்கள். செகண்ட் லைஃப் போன்ற ஒரு சிலவற்றில், உள்ளே சம்பாதித்த லிண்டன் டாலரை அந்த நிறுவனமே நடத்தும் சந்தையில் நிஜ டாலராக மாற்றிக்கொள்ளலாம். வேறு சில கேம்களில் பொருட்களை விற்கலாம், ஆனால் கிடைக்கும் தொகை கேமுக்குள்ளேயே நிற்கும். மற்ற பலவற்றில் எதுவுமே கூடாது. ஏதாவது வழி இருந்தால் பொருட்களை மட்டும் அந்த வழியில் விற்றுவிடுங்கள். ஐடியை விற்காதீர்கள். அதில் உங்கள் பெயர், பழைய ரசீதுகள், பேசிய பேச்சுகள், சில சமயம் கார்டு விவரமும் இருக்கும். வாங்கியவர் நாளை அந்த ஐடியை வைத்து யாரையாவது ஏமாற்றினால் முதலில் தேடப்படுவது நீங்கள்.

கேள்வி: கேம் கோல்டை ஒருவருக்கு விற்றேன். பணம் என் கணக்குக்கு வந்ததைப் பார்த்த பிறகுதான் கோல்டைக் கொடுத்தேன். மூன்று வாரம் கழித்து அந்தப் பணம் திரும்ப எடுக்கப்பட்டுவிட்டது. இது எப்படிச் சாத்தியம்? நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: விற்பவர்கள் அதிகமாக அடிபடுவது இங்கேதான். பணம் கணக்கில் தெரிவது ஒன்று, அது உங்களுடையதாக நிலைப்பது வேறு. கார்டில் கட்டிய பணத்தைத் திரும்பக் கேட்க வழக்கமாக 120 நாட்கள் வரை அவகாசம் உண்டு. பேபால் என்ற பணம் அனுப்பும் சேவையில் வாங்கியவர் புகார் கொடுக்க 180 நாட்கள். நீங்கள் கொடுத்த கோல்டோ ஒரே நொடியில் போய்விட்டது, அதற்குள் பல கை மாறியும் இருக்கும்.

இதில் இரண்டு விதம் உண்டு. ஒன்று, வாங்கியவர் திருட்டுக் கார்டில் கட்டியிருப்பார், உண்மையான உரிமையாளர் பில்லைப் பார்த்துவிட்டுப் புகார் செய்திருப்பார். இன்னொன்று, வாங்கியவரே ‘எனக்கு எதுவும் வரவில்லை’ என்று பொய்ப் புகார் கொடுத்திருப்பார். எதுவானாலும், பொருளை அனுப்பியதற்குக் காட்ட உங்களிடம் கூரியர் ரசீது கிடையாது. தகராறைத் தீர்ப்பவருக்குக் கேமுக்குள் நடந்ததைச் சரிபார்க்கவும் வழியில்லை.

புகார் பற்றிய அறிவிப்பில் பதிலளிக்கக் கடைசித் தேதி இருக்கும். அதற்குள் எழுதிவிடுங்கள். பேச்சுப் பதிவு, பொருள் கைமாறிய நேரம் தெரியும் ஸ்கிரீன்ஷாட், கேமின் ட்ரேட் பதிவு எல்லாவற்றையும் இணையுங்கள். ஜெயிப்பீர்கள் என்று உறுதி சொல்ல முடியாது. ஆனால் பதிலே எழுதாவிட்டால் தோல்வி நிச்சயம். வாங்கியவர் நடுவில் வந்து ‘புகாரை வாபஸ் வாங்குகிறேன், பணத்தை மட்டும் வேறு கணக்குக்கு அனுப்பிவிடுங்கள்’ என்று கேட்டால் அனுப்பவே அனுப்பாதீர்கள். இரண்டு முறை இழப்பீர்கள். கேம் நிறுவனத்திடம் போவதையும் யோசித்துச் செய்யுங்கள். விற்பது அங்கே தடையென்றால் உங்கள் புகாரே உங்கள் மீதான சாட்சி ஆகிவிடும்.

நண்பருக்கு அனுப்புவதுபோல் பணம் அனுப்பச் சொன்னால் திரும்ப எடுக்க முடியாது என்று விற்பவர்களிடையே ஒரு நம்பிக்கை இருக்கிறது. திருடப்பட்ட கணக்கிலிருந்து வந்த பணம் எந்த வழியில் வந்தாலும் திரும்பிப் போகலாம். அப்புறம், விற்பனைக்கு அந்த வழியைப் பயன்படுத்துவதே பேபால் விதிக்கு எதிரானது.

கேள்வி: சில தளங்களில் கோல்டு மிக மலிவாகக் கிடைக்கிறது. வாங்கினால் ஐடி பேன் (தடை) ஆகிவிடுமா?

பதில்: ஆகலாம், ஆகாமலும் போகலாம். அதைவிட, மலிவு எங்கிருந்து வருகிறது என்று யோசியுங்கள். ஆளில்லாமல் தானே விளையாடி இரவும் பகலும் ஓடும் பாட் நிரல்கள், ஹேக் செய்யப்பட்டுக் காலி செய்யப்பட்ட யாரோ ஒருவரின் ஐடி, திருட்டுக் கார்டு, இந்த மூன்றும்தான் வழக்கமான ஊற்றுகள். சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். திருட்டுக் கார்டுத் தொல்லை தாங்காமல் 2007 இறுதியில் ரூன்ஸ்கேப், வீரர்களுக்குள் தாராளமாகப் பொருள் மாற்றிக்கொள்வதையே முடக்கியது. 2011 பிப்ரவரியில்தான் அது திரும்ப வந்தது. 2019 அக்டோபரில் கவுண்டர்-ஸ்டிரைக் கேமின் பெட்டிகளைத் திறக்கப் புதிதாக வாங்கும் சாவிகளை மற்றவருக்கு விற்பதையும் மாற்றிக்கொடுப்பதையும் வால்வ் நிறுவனம் தடுத்தது. வாங்கிக் கைமாற்றப்படும் சாவிகளில் கிட்டத்தட்ட எல்லாமே மோசடிப் பணத்தில் வாங்கப்பட்டவை என்று அதற்குக் காரணம் சொன்னது.

கோல்டு தேவைதான் என்றால், கேமே விற்கும் வழி இருக்கிறதா என்று பாருங்கள். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டில் 2015 முதல் டோக்கன் இருக்கிறது. ஒருவர் பணம் கொடுத்து அதை வாங்கிக் கேமுக்குள் கோல்டுக்கு விற்கிறார், வாங்கியவர் அதை விளையாட்டு நேரமாக மாற்றிக்கொள்கிறார். வெளிச்சந்தையைவிட விலை கூடத்தான் இருக்கும். ஆனால் யாருடைய கார்டும் திருடப்படவில்லை.

கேள்வி: ஸ்டீமில் கவுண்டர்-ஸ்டிரைக் ஸ்கின் விற்கப் பார்க்கிறேன். ஸ்டீம் சந்தையிலேயே விற்பதா, வெளித் தளத்திலா?

பதில்: ஸ்டீம் என்பது வால்வ் நிறுவனத்தின் கேம் விற்பனைத் தளம். அதன் சந்தையில் பாதுகாப்பு அதிகம், ஆனால் பணம் வெளியே வராது. கவுண்டர்-ஸ்டிரைக் பொருட்களுக்கு ஸ்டீமுக்கு 5 சதவீதம், கேமுக்கு 10 சதவீதம் பிடித்தம். வாங்குபவர் 115 கொடுத்தால் உங்களுக்கு வருவது 100. அதுவும் ஸ்டீம் வாலட்டில் சேரும், வங்கிக்கு மாற்ற முடியாது. எப்படியும் ஸ்டீமில் அடுத்த கேம் வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் இதுவே போதும், வேறெங்கும் அலைய வேண்டாம்.

வெளித் தளத்தில் நிஜப் பணம் கிடைக்கும், ஆனால் வால்வ் நிறுவனத்தின் பாதுகாப்பு அங்கே இல்லை. நீங்கள் பயப்பட வேண்டிய மோசடி ஒன்று உண்டு. ஏதோ போட்டிக்கு வாக்களிக்கச் சொல்லியோ விலை பார்க்கச் சொல்லியோ ஒரு லிங்க் வரும். திறந்தால் ஸ்டீம் போலவே ஒரு லாகின் பக்கம். நுழைந்ததும் உங்கள் ஐடியில் ஏபிஐ கீ (உங்கள் ட்ரேடுகளை வெளி நிரல் ஒன்று கையாள விடும் சாவி) ஒன்றை உருவாக்கி வைத்துவிடுவார்கள். அப்போது எதுவும் நடக்காது. நாட்கள் கழித்து நீங்கள் உண்மையான ஆளுக்கு ட்ரேட் ஆஃபர் அனுப்பும்போது, அதை நொடியில் ரத்து செய்துவிட்டு, அதே பெயர், அதே படம் வைத்த போலி ஐடியிலிருந்து இன்னொரு ஆஃபர் வரும். மொபைலில் நீங்களே உறுதி செய்து அனுப்பிவிடுவீர்கள்.

ஆகவே விற்பதற்கு முன் ஸ்டீமின் ஏபிஐ கீ பக்கத்தைத் திறந்து பாருங்கள். நீங்கள் உருவாக்காத கீ இருந்தால் நீக்கிவிட்டு, எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறி, பாஸ்வேர்டை மாற்றுங்கள். ஆஃபரை உறுதி செய்யும்போது பெயரையும் படத்தையும் நம்பாதீர்கள். எதிர் ஐடியின் லெவலையும் அது தொடங்கப்பட்ட தேதியையும் பாருங்கள்.

2025 ஜூலையிலிருந்து கவுண்டர்-ஸ்டிரைக் 2 பொருட்களை ட்ரேடில் கொடுத்தவர் 7 நாட்களுக்குள் அதைத் திருப்பிக்கொள்ள முடியும். ஏமாந்தவர்களுக்கு இது பெரிய உதவி. ஆனால் தனி ஆளிடம் பணம் கொடுத்து வாங்குகிறவர், அந்த ஒரு வாரம் முடியும்வரை பொருள் தனக்கு வந்துவிட்டதாக நினைக்கக் கூடாது.

கேள்வி: கத்தி ஸ்கின்கள் விலை ஏறிக்கொண்டே போவதாகச் சொல்கிறார்கள். சேமிப்பாக வாங்கி வைக்கலாமா?

பதில்: வேண்டாம். 2025 அக்டோபரில் கவுண்டர்-ஸ்டிரைக்கில் ஒரே ஒரு அப்டேட் வந்தது. சிவப்பு நிறத்தால் குறிக்கப்படும் உயர்தர ஸ்கின்கள் ஐந்தைக் கொடுத்து ஒரு கத்தியோ கையுறையோ பெறலாம் என்றது. அரிதாக இருந்தது சட்டென்று அரிதாக இல்லாமல் போனது, பல கத்திகளின் விலை உடனே சரிந்தது. யாரையும் கேட்கவில்லை, கேட்க வேண்டிய கடமையும் நிறுவனத்துக்கு இல்லை. டயாப்லோ 3 கேமில் நிறுவனமே 2012-ல் நிஜப் பண ஏலக்கூடம் திறந்தது, 2014 மார்ச்சில் மூடியது. விளையாடிப் பொருள் சேர்க்கும் சுவையையே அது கெடுக்கிறது என்று அவர்களே சொன்னார்கள். பிடித்த ஸ்கினை விளையாடி மகிழ வாங்குங்கள், அது வேறு விஷயம்.

கேள்வி: விற்று வந்த பணத்துக்கு வரி உண்டா?

பதில்: கேம் பொருள் என்பதற்காக வருமானம் வருமானம் இல்லை என்றாகிவிடாது. தொடர்ந்து விற்கிறீர்கள் என்றால் தேதி, தொகை, கமிஷன் மூன்றையும் குறித்து வைத்து, உங்கள் நாட்டு விதியைத் தெரிந்த கணக்கரிடம் காட்டுங்கள்.

கேள்வி: என் 14 வயது மகன் சேர்த்து வைத்த பணத்தில், டிஸ்கார்டு அரட்டைச் செயலியில் பழகிய ஒருவரிடம் ஒரு கேம் ஐடி வாங்கினான். ஒரு வாரத்தில் பாஸ்வேர்டு மாறிவிட்டது. விற்றவர் இவனை பிளாக் செய்துவிட்டார். பையன் சாப்பிடக்கூட மாட்டேன் என்கிறான். கேம் நிறுவனம் ஐடியை மீட்டுத் தருமா?

பதில்: தராது என்றே வைத்துக்கொள்ளுங்கள். முதலில் ஐடியைத் தொடங்கியவர்தான் அவர்கள் பார்வையில் உரிமையாளர். பழைய மின்னஞ்சல், முதல் ரசீது எல்லாம் அவரிடம் இருக்கும். ‘என் ஐடி திருடுபோய்விட்டது’ என்று அவர் எழுதினால் அவருக்கே கொடுத்துவிடுவார்கள். ஒரே ஐடியை இப்படிப் பலரிடம் விற்பவர்கள் இருக்கிறார்கள்.

ஆனால் பணத்தின் கதை வேறு. கேம் விதியை மீறிய வியாபாரம் என்பதால் ஏமாற்றியது ஏமாற்று இல்லை என்றாகாது. பணம் அனுப்பிய வங்கியிலோ செயலியிலோ உடனே புகார் பதியுங்கள், சைபர் குற்றப் பிரிவிலும் கொடுங்கள். தொகை சிறியதென்று கூச்சப்பட வேண்டாம். அதே ஆள் மீது ஏற்கனவே வேறு புகார்கள் இருக்கலாம்.

மகனைத் திட்டாதீர்கள். பயந்தால் மீதி விவரத்தை மறைப்பான், உங்களுக்கு வேண்டியதே அந்த விவரம்தான். அந்த ஐடிக்குப் போட்ட பாஸ்வேர்டை மின்னஞ்சலுக்கோ வேறெதற்கோ போட்டிருக்கிறானா, வீட்டுக் கார்டு எதையாவது அந்த ஐடியில் இணைத்தானா, விற்றவர் ஏதாவது ஃபைல் அனுப்பி நிறுவச் சொன்னாரா என்று நிதானமாகக் கேளுங்கள். ஃபைல் வந்திருந்தால் அந்தக் கணினியில் எந்தக் கணக்கிலும் நுழையாமல் முதலில் சுத்தம் செய்யுங்கள். ‘ஐடியை மீட்டுத் தருகிறேன், சிறு கட்டணம் கட்டு’ என்று இனி யாராவது அவனுக்கு எழுதினால், அதற்கும் பணம் அனுப்ப விடாதீர்கள்.

இன்று இரவே டிஸ்கார்டு பேச்சு முழுவதையும், அந்த ஆளின் பயனர் பெயரும் எண்ணும் தெரிய, ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துவிடுங்கள். அவர் தன் பக்கச் செய்திகளை அழித்துவிட்டால் புகாரில் இணைக்க உங்களிடம் எதுவும் இருக்காது.