ஹைட்ரஜன் என்று சொல்லி விற்க வந்தால்

கேள்வி: என் டீசல் வேனில் 22,000 ரூபாய்க்கு ஹைட்ரஜன் கிட் மாட்டினேன். தண்ணீர் ஊற்றினால் மைலேஜ் 40 சதவீதம் கூடும் என்றார்கள். கூடவே இல்லை. கடைக்காரர் இப்போது போனையே எடுப்பதில்லை.

பதில்: உங்களைக் குறை சொல்ல மாட்டேன். 1996-ல் மூலிகை பெட்ரோலை நம்பியவர்களும் இங்கே ஏராளம். தண்ணீரிலிருந்து ஹைட்ரஜனைப் பிரிக்க மின்சாரம் வேண்டும். அதைத் தருவது ஆல்டர்னேட்டர், அதைச் சுற்றுவது எஞ்சின், எஞ்சின் குடிப்பது உங்கள் டீசல். பிரிக்கச் செலவான சக்தியே முழுதாகத் திரும்பாதபோது மைலேஜ் எப்படிக் கூடும்? பில், நோட்டீஸ், வாட்ஸ்அப் உரையாடல் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைத்துப் புகார் செய்யுங்கள். பணம் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது; 2 ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: ஹைட்ரஜன் ஸ்கூட்டர் வரட்டும் என்று மின்சார ஸ்கூட்டர் வாங்காமல் இருக்கிறேன். சரிதானே?

பதில்: சரியில்லை. தேவை என்றால் இப்போதே வாங்குங்கள்.

கேள்வி: கலிபோர்னியாவில் என் மகன் ஹைட்ரஜனில் ஓடும் ஒரு பழைய டொயோட்டா மிராய் காருக்கு முன்பணம் கட்டிவிட்டான். விலை மிகக் குறைவு. ஹைட்ரஜன் பங்க் எங்கே இருக்கிறது என்று இனிமேல்தான் பார்க்க வேண்டுமாம்.

பதில்: பங்க்கைப் பார்க்காமல் யாராவது முன்பணம் கட்டுவார்களா? ஷெல் நிறுவனம் 2024-ல் அங்கே கார்களுக்கான ஹைட்ரஜன் பங்க்குகளை மூடிவிட்டது. விலை கிலோ 36 டாலர் வரை ஏறியது. மிராய் டேங்க் 5.6 கிலோ பிடிக்கும். அந்த விலையில் நிரப்ப 200 டாலர். கார் மலிவாகக் கிடைப்பதே அதனால்தான். என் வீட்டிலும் ஒரு குடிநீர்ச் சுத்திகரிப்புக் கருவி சும்மா நிற்கிறது. கம்பெனி கடையைக் கட்டியதும் அதற்கு ஃபில்டர் கிடைக்கவில்லை. முன்பணத்தைத் திருப்பிக் கேட்கச் சொல்லுங்கள், இன்றே.

கேள்வி: அப்படியானால் 2023-ல் பசுமை ஹைட்ரஜனுக்கு (சூரிய, காற்றாலை மின்சாரத்தால் தண்ணீரிலிருந்து எடுப்பது) மத்திய அரசு அறிவித்த 19,744 கோடி வீண்தானா?

பதில்: வீண் இல்லை, போக வேண்டிய இடத்துக்குப் போனால். யூரியாவுக்கு அம்மோனியா வேண்டும், அம்மோனியாவுக்கு ஹைட்ரஜன் வேண்டும். டீசலில் உள்ள கந்தகத்தை நீக்கவும் அதுதான். இன்று அதைப் பெரும்பாலும் இயற்கை எரிவாயுவிலிருந்து எடுக்கிறார்கள். ஒரு கிலோ எடுக்க 9, 10 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது. முதலில் மாற வேண்டியது இது. அடுத்தது இரும்பு. நிலக்கரிக்குப் பதில் ஹைட்ரஜனைக் கொண்டு ஸ்வீடனின் லூலியோவில் 2021-லேயே செய்து காட்டினார்கள். இந்த வேலைகளை பேட்டரி செய்யாது.

காருக்கும் அதையே ஊற்றச் சொல்வதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. தண்ணீரிலிருந்து ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுக்க 50 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் செலவாகும். மிராய் அதில் சுமார் 100 கிலோமீட்டர் ஓடும். அதே 50 யூனிட்டில் ஒரு சாதாரண மின்சாரக் கார் 300 கிலோமீட்டர் போய்விடும். இந்தக் கணக்கை எந்த விளம்பரமும் போடுவதில்லை. உரத் தொழிற்சாலைக்கு வேண்டிய காற்றாலை மின்சாரத்தையும் சூரிய மின்சாரத்தையும் எடுத்துக் காருக்காக இப்படிக் கரைக்க அரசு ஒரு ரூபாய் மானியம்கூடத் தரக் கூடாது.