‘என் அண்ணனைப் போல் ஓட்டாதீர்கள்’: ‘கார் டாக்’ பற்றிய வாசகர் கேள்விகள்

எஞ்சின் சத்தங்களைப் பற்றி எழுதிய கட்டுரையில், அமெரிக்காவின் ‘கார் டாக்’ வானொலி நிகழ்ச்சியை ஒரே ஒரு வரியில் குறிப்பிட்டிருந்தேன். எஞ்சினைப் பற்றிக் கேட்டவர்களைவிட அந்த ஒரு வரியைப் பற்றிக் கேட்டவர்கள் அதிகம். பட்டறையில் வேலை பார்த்த நாட்களிலிருந்து அந்த நிகழ்ச்சியின் பதிவுகளைக் கேட்டு வருபவன் என்பதால், இந்த முறை பக்கம் முழுவதையும் அதற்கே ஒதுக்குகிறேன்.

கேள்வி: கார் பழுது பற்றிய நிகழ்ச்சி என்கிறீர்கள், நகைச்சுவை நிகழ்ச்சி என்றும் சொல்கிறீர்கள். எது சரி? நடத்தியவர்கள் யார்?

இரண்டும் சரிதான். நடத்தியவர்கள் அண்ணன் டாம் மாலியோட்ஸி, தம்பி ரே மாலியோட்ஸி. பாஸ்டனை அடுத்த கேம்பிரிட்ஜில் இத்தாலிய வம்சாவளிக் குடும்பத்தில் டாம் 1937-லும் ரே 1949-லும் பிறந்தார்கள். 1977-இல் பாஸ்டனின் டபிள்யூ.பி.யு.ஆர். வானொலி, கார் மெக்கானிக்குகள் பலரைக் கூட்டிவைத்து நேயர்களுடன் பேசவைக்கத் திட்டமிட்டது. அன்று வந்து சேர்ந்தவர் டாம் ஒருவர்தான். மீண்டும் அழைத்தபோது அவர் தம்பியையும் உடன் கூட்டிக்கொண்டு போனார். 1987 முதல் அமெரிக்காவின் தேசியப் பொது வானொலியான என்.பி.ஆர். நிறுவனத்தின் வழியாக அந்த நிகழ்ச்சி நாடு முழுவதும் ஒலித்தது. 1992-இல் ஒலிபரப்புத் துறையின் மதிப்புமிக்க பீபாடி விருதைப் பெற்றது. உச்சத்தில் அறுநூறுக்கும் மேற்பட்ட நிலையங்கள் வாரம் ஒரு மணி நேரம் அதை ஒலிபரப்பின.

கேள்வி: அவர்களை ‘டேப்பெட் சகோதரர்கள்’ என்று அழைப்பது ஏன்? நம் ஊர் மெக்கானிக் சொல்லும் டேப்பெட்தானா அது?

அதே டேப்பெட்தான். ‘க்ளிக், க்ளாக், டேப்பெட் சகோதரர்கள்’ என்பது அவர்களுடைய வானொலிப் பெயர். எஞ்சினில் வால்வுகளை இயக்கச் சுழலும் தண்டான கேம் ஷாஃப்டின் சுழற்சியை வாங்கி வால்வைத் திறக்க உதவும் பாகம் டேப்பெட். அந்த வரிசையில் ஒரு சிறிய இடைவெளி இருந்தாக வேண்டும், ஏனென்றால் எஞ்சின் சூடாகும்போது உலோகம் விரிகிறது. இடைவெளி அளவுக்கு மிஞ்சினால் ஒவ்வொரு சுற்றிலும் உலோகத்தின்மேல் உலோகம் தட்டி ‘டக் டக்’ என்று கேட்கும். இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜ் தகட்டை நுழைத்து ‘டேப்பெட் செட்’ பண்ணுவது இதற்காகத்தான். ஆயிலின் அழுத்தத்தால் இடைவெளியைத் தானே சரிசெய்துகொள்ளும் ஹைட்ராலிக் டேப்பெட் உள்ள எஞ்சினில் இந்தச் சத்தம் வந்தால், முதலில் பார்க்க வேண்டியது ஆயில் லெவல். இடைவெளி குறைவாகிவிட்டால் சத்தமே இருக்காது. ஆனால் வால்வ் முழுவதும் மூடாமல் சூடேறிக் கருகும். ஆகவே சத்தமில்லாத எஞ்சினெல்லாம் நல்ல எஞ்சின் என்று நினைத்துவிட வேண்டாம்.

பழைய காரின் டேப்பெட்டுகள் ஓயாமல் தட்டுவதைப் போல இருவரும் ஒருவர் பேச்சில் ஒருவர் குறுக்கிட்டுக்கொண்டே இருப்பார்கள் என்பதால், அந்தப் பெயர் அவர்களுக்கு அவ்வளவு பொருத்தம்.

கேள்வி: காரைக் கண்ணால் பார்க்காமல், தொலைபேசியிலேயே பழுதைக் கண்டுபிடிக்க முடியுமா? எல்லாம் முன்கூட்டியே எழுதிவைத்த நாடகமாக இருக்காதா?

நாடகம் இல்லை. நேயர்கள் கட்டணமில்லாத எண்ணில் தங்கள் சிக்கலைச் சொல்லிவைப்பார்கள். குவிந்த அழைப்புகளிலிருந்து தயாரிப்புக் குழுவினர் சிலரைத் தேர்ந்தெடுத்துத் திரும்ப அழைப்பார்கள். என்ன கேள்வி வரப்போகிறது என்பது சகோதரர்களுக்கு முன்கூட்டித் தெரியாது. நிகழ்ச்சி நேரடி ஒலிபரப்பும் அல்ல. கூடுதல் நேரம் பதிவுசெய்து, தயாரிப்பாளர் டக் பெர்மனின் குழு வெட்டித் தொகுத்து ஒரு மணி நேரத்துக்குள் அடக்கியது. அவ்வளவு இயல்பாகக் கேட்கும் அரட்டைக்குப் பின்னால் கறாரான தொகுப்பாளரின் கை இருந்தது.

கண்டுபிடிக்க முடியுமா என்றால், பெரும்பாலும் முடியும். அழைப்பவர்கள் தயங்கித் தயங்கி வாயாலேயே அந்தச் சத்தத்தைச் செய்துகாட்டுவார்கள். டாம் விழுந்து விழுந்து சிரிப்பார். அதைக் கேட்டு அழைத்தவரும் சிரித்துக் கூச்சத்தை விட்டுவிடுவார். அதற்குப் பிறகு வரும் கேள்விகளைக் கவனித்துக் கேளுங்கள். சத்தம் காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டுமா, வண்டி சூடான பிறகும் உண்டா? நேராகப் போகும்போதா, திருப்பும்போதா? ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் நிற்கிறதா? பிரேக்கை மிதித்தால் மாறுகிறதா? முன் சக்கரங்களுக்கு விசை போகும் காரில், ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்துத் திருப்பும்போது ‘டக டக’ என்று வந்தால் பெரும்பாலும் சக்கரத்துக்கு விசையைக் கொண்டுசெல்லும் இணைப்பான சி.வி. ஜாயிண்ட். குளிர்ந்த காலையில் ‘கீச்’ என்று தொடங்கிச் சிறிது நேரத்தில் அடங்கினால் பெல்ட். எஞ்சின் வேகத்தோடு சேராமல் வண்டியின் வேகத்தோடு மட்டும் கூடிக் குறையும் ரீங்காரம் என்றால் வீல் பேரிங்கைச் சந்தேகிக்கலாம். பிரேக்கை மிதிக்கும்போது உலோகம் உரசும் சத்தம் கேட்டால் பேடு தேய்ந்து தகடு டிஸ்கில் உரசுகிறது. அதற்கு மேல் அந்த வண்டியை ஓட்டக் கூடாது.

நல்ல மெக்கானிக் போனட்டைத் திறக்கும் முன் கேட்பது இதைத்தான். பட்டறையில் நான் பார்த்த வீண் செலவுகளில் பெரும்பகுதி, இந்த நான்கைந்து கேள்விகளைக் கேட்காமல் நேராக ஸ்பேனரை எடுத்ததால் வந்தது. பாகங்களை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்துப் பழுதைத் தேடுவது வாடிக்கையாளரின் பணத்தில் செய்யும் பரிசோதனை என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: அவர்கள் சொன்னது தவறாகப் போனதே இல்லையா?

வந்த கடிதங்களில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. தவறாகப் போனதுண்டு. அதை மறைக்காமல் ‘ஸ்டம்ப் த சம்ப்ஸ்’ என்ற பெயரில் நிகழ்ச்சியின் ஓர் அங்கமாகவே ஆக்கிக்கொண்டார்கள். ‘இந்த மண்டூகங்களை மடக்குங்கள்’ என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். முன்பு ஆலோசனை கேட்ட ஒருவரை மீண்டும் அழைத்து, அன்றைய உரையாடலை நினைவூட்டிவிட்டு, ‘நாங்கள் சொன்னது சரியாக இருந்ததா?’ என்று கேட்பார்கள். என்ன பதில் வரும் என்பது அவர்களுக்கும் தெரியாது. சரியாக இருந்தால் ஆரவாரம் செய்வார்கள். தவறென்றால் அதைவிடப் பலமாகச் சிரித்துவிட்டு, எங்கே கோட்டைவிட்டோம் என்று பேசத் தொடங்குவார்கள்.

பழுதுபார்க்கும் தொழிலில் இதைவிட நேர்மையான பழக்கம் ஒன்றை நான் கண்டதில்லை. மெக்கானிக்கிடம் போகும் பெரும்பாலான மனிதருக்கு அவர் சொல்வது உண்மையா என்று சோதித்துப் பார்க்க வழியே இல்லை. காரைக் கொடுத்துவிட்டு, ரசீதில் உள்ள தொகையைக் கட்டிவிட்டு, மனத்துக்குள் ஒரு சந்தேகத்தோடு வீடு திரும்புகிறார். அந்தச் சந்தேகம் அமெரிக்காவிலும் அப்படியேதான் இருந்தது. லட்சக்கணக்கானோர் கேட்டுக்கொண்டிருக்கும்போது ‘தெரியவில்லை’ என்றும் ‘தவறாகச் சொல்லிவிட்டோம்’ என்றும் ஒரு மெக்கானிக் சொல்வதற்கு அந்தச் சிரிப்பு இடம் கொடுத்தது. அவர்களுடைய நகைச்சுவையை நான் உயர்வாக மதிப்பதற்கு முதல் காரணம் அதுவே.

கேள்வி: விண்வெளியிலிருந்து ஒருவர் அழைத்துக் கார் பழுது கேட்டார் என்று படித்தேன். உண்மையா?

உண்மைதான். 1997 ஜனவரியில் அட்லாண்டிஸ் விண்கலத்தில் சென்றிருந்த விண்வெளி வீரர் ஜான் க்ரன்ஸ்ஃபெல்ட் அழைத்தார். தாம் யார் என்று சொல்லாமல், தம்மிடம் உள்ள அரசாங்க வண்டியைப் பற்றி முறையிட்டார். கிளம்பியதும் முதல் இரண்டு நிமிடங்கள் கடுமையாக உதறுகிறது. பிறகு சீராக ஓடுகிறது. எட்டரை நிமிடம் ஆனதும் எஞ்சின் நின்றுவிடுகிறது. இதுதான் அவருடைய புகார். கேட்கக் கேட்கத்தான் சகோதரர்களுக்கு விஷயம் புரிந்தது.

விண்கலத்தின் இயக்கம் தெரிந்தால் இது இன்னும் சுவைக்கும். ஏவப்பட்ட முதல் இரண்டு நிமிடங்கள் திட எரிபொருள் ராக்கெட்டுகள் இரண்டும் சேர்ந்து உந்துவதால் அதிர்வு மிகுதி. அவை கழன்று விழுந்ததும் கலத்தின் முதன்மை எஞ்சின்கள் மட்டும் இயங்குகின்றன. அதனால் ஓட்டம் சீராகிறது. ஏறத்தாழ எட்டரை நிமிடத்தில் சுற்றுப்பாதைக்கு வேண்டிய வேகம் கிடைத்துவிடுவதால் அவையும் நிறுத்தப்படுகின்றன. அவர் சொன்ன ஒவ்வொரு ‘பழுதும்’ சரியாக நடக்கும் ஓர் இயந்திரத்தின் துல்லியமான வருணனை.

கேள்வி: நிகழ்ச்சியின் கடைசியில் சொல்லும் அந்த வாசகம் என்ன?

ஒருவர் ‘என் சகோதரரைப் போல் ஓட்டாதீர்கள்’ என்பார். உடனே மற்றவர் ‘*என்* சகோதரரைப் போல் ஓட்டாதீர்கள்’ என்று திருப்பிக் கொடுப்பார். ஆங்கிலத்தில் இருவருக்கும் ஒரே சொல் என்பதால், ‘என்’ என்பதை அழுத்திச் சொல்லியே பொருளை மாற்ற வேண்டியிருக்கிறது. தமிழில் அண்ணன், தம்பி என்று சொல்லே வேறாகிவிடுவதால் அந்த எதிரொலி கிடைப்பதில்லை. மொழிபெயர்க்கப் பலமுறை முயன்று விட்டுவிட்டேன்.

அவர்களுடைய மற்ற சொல் விளையாட்டுகளிலும் இதே சிரமம் உண்டு. ஹார்வர்ட் சதுக்கத்தை நோக்கிய அவர்களுடைய அலுவலகச் சன்னலில் ‘டூயி, சீட்டம் அண்ட் ஹவ்’ என்ற பெயர் பொறிக்கப்பட்டிருந்தது. பார்வைக்கு மூன்று வழக்கறிஞர்களின் பெயர்; ஆங்கிலத்தில் வாய்விட்டுச் சேர்த்துப் படித்தால், ‘நாங்கள் அவர்களை ஏமாற்றுவோமா? கேட்கவா வேண்டும்!’ என்று பொருள் வரும். அவர்களுக்கு முன்பிருந்தே வழங்கிவரும் பழைய வேடிக்கைதான் அது.

கேள்வி: இருவரும் எம்.ஐ.டி.யில் படித்தவர்களாமே? படித்தவர்கள் ஏன் கையில் கிரீஸைப் பூசிக்கொண்டார்கள்?

ஆம், மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமான எம்.ஐ.டி.யில் டாம் 1958-இலும் ரே 1972-இலும் பட்டம் பெற்றார்கள். டாம் நல்ல வேலையில் இருந்தார். ஒரு நாள் பாஸ்டனைச் சுற்றிச் செல்லும் 128-ஆம் எண் சாலையில் தம் சிறிய எம்.ஜி. காரில் போகும்போது, பெரிய டிரெய்லர் லாரியில் நசுங்கியிருக்க வேண்டியவர் மயிரிழையில் தப்பினார். இப்படிச் செத்திருந்தால் வாழ்க்கையில் என்ன மிஞ்சியிருக்கும் என்று யோசித்து, நேராக அலுவலகத்துக்குப் போய் வேலையை விட்டுவிட்டதாக அவரே சொல்லியிருக்கிறார்.

பிறகு 1973-இல் அண்ணனும் தம்பியும் கேம்பிரிட்ஜில் ‘ஹேக்கர்ஸ் ஹேவன்’ என்ற பட்டறையைத் திறந்தார்கள். தங்கள் காரைத் தாங்களே சரிசெய்ய விரும்புவோருக்கு இடத்தையும் கருவிகளையும் வாடகைக்குக் கொடுக்கும் பட்டறை அது. அதில் பணம் பெரிதாக வரவில்லை. காலப்போக்கில் அது ‘குட் நியூஸ் கராஜ்’ என்ற வழக்கமான பட்டறையாக மாறியது. தெரியாதவர்களுக்குப் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்த அந்த ஆண்டுகள்தான் வானொலியில் அவர்களுக்குக் கைகொடுத்தன என்று நினைக்கிறேன். எம்.ஐ.டி. நிர்வாகம் 1999 பட்டமளிப்பு விழாவில் உரையாற்ற இருவரையும் அழைத்தது.

கேள்வி: டாம் மறைந்த பிறகும் பழைய பதிவுகளை ஒலிபரப்பியது சரியா? அந்தக் காலத்துக் கார் ஆலோசனைகளால் இன்று யாருக்குப் பயன்?

2012 ஜூனில் இருவரும் ஓய்வை அறிவித்தார்கள். அந்த ஆண்டு இலையுதிர் காலத்தோடு புதிய பதிவுகள் நின்றன. உழைப்பென்றாலே அண்ணனுக்கு ஆகாது, இப்போது வாரம் ஒரு மணி நேரம்கூட அவரைக் கொல்கிறது என்று ரே வேடிக்கையாகச் சொன்னார். 2014 நவம்பர் 3-ஆம் தேதி, அல்சைமர் நோயின் பாதிப்புகளால் டாம் 77 வயதில் காலமானார். அதன் பிறகு ரேயின் அந்த வேடிக்கையைத் திரும்பக் கேட்பது எனக்கு எளிதாக இல்லை. பதிவுகள் தொடர வேண்டும் என்று ரேயே விரும்பினார். அண்ணனின் சிரிப்பு ஒலித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று ஒரு தம்பி நினைத்தால், அதைத் தவறென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆலோசனைகளைப் பொறுத்தவரை, பழைய எஞ்சின்களின் பாகங்களான கார்புரேட்டர், சோக், டிஸ்ட்ரிபியூட்டர் பாயிண்ட் பற்றியவற்றை இன்றைய காருக்குப் பொருத்திப் பார்க்க வேண்டாம். பிரேக், பேரிங், கிளட்ச், டயர் பற்றியவை இன்றும் பெரும்பாலும் பொருந்தும். கிளட்சில் எப்போதும் காலை வைத்தபடி ஓட்டும் கணவர், எச்சரிக்கை விளக்கு எரிவதைக் கண்டுகொள்ளாத மகன், பழைய காரை விற்க மனமில்லாத தந்தை பற்றிய அழைப்புகள் பழையதாகவே இல்லை. புதிதாகக் கேட்கத் தொடங்குபவர்கள் க்ரன்ஸ்ஃபெல்ட்டின் அழைப்பை முதலில் கேட்கலாம். அடுத்து ‘ஸ்டம்ப் த சம்ப்ஸ்’ வரும் பதிவு ஒன்றைத் தேடிப் பிடியுங்கள். அதில் பழைய உரையாடல் முடிந்ததும் பதிவை நிறுத்தி, உங்கள் தீர்ப்பைத் தாளில் எழுதிவைத்துவிட்டு, பிறகு அழைத்தவரின் பதிலைக் கேளுங்கள்.