கோத்தகிரியில் பாறை நிலத்தில் கட்டும் ஹோம்ஸ்டேவுக்கு எர்த் ரெசிஸ்டன்ஸ் 40 ஓமுக்குக் கீழே இறங்கவில்லை. எம்சிபி (லோடு கூடினால் தானாக விழுந்து கரண்டைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) இருந்தால் போதுமா?

கேள்வியில் இருப்பது இவ்வளவு: இரண்டு பைப் எர்த் போட்டும் டெஸ்டரில் 40 ஓம், 3 பாத்ரூமில் 2 கிலோவாட் கெய்சர், 4 அறையில் 2 கிலோவாட் ரூம் ஹீட்டர், சுவருக்கும் சீலிங்குக்கும் பைன் பலகை, உள்ளே கிளாஸ் ஊல். எலக்ட்ரீசியன், "எர்த் இருக்கு, எம்சிபி இருக்கு, வேற எதுக்கு?" என்கிறார்.

போதாது. கெய்சர் எலிமென்ட் பழுதாகி பேஸ் (கரண்ட் வரும் கம்பி) டேங்கின் உடம்பைத் தொட்டுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். கரண்ட் எர்த் ஒயரில் இறங்கி, மண் வழியாக டிரான்ஸ்பார்மருக்குத் திரும்ப வேண்டும். 230 வோல்ட்டை 40 ஓமால் வகுத்தால் 5.75 ஆம்பியர். டிரான்ஸ்பார்மர் பக்கத்து எர்த்தையும் சேர்த்தால் இன்னும் குறையும். 16 ஆம்பியர் எம்சிபிக்கு இது சாதாரண லோடு, விழவே விழாது. டேங்கும் அதில் மாட்டிய இரும்புக் குழாயும் 200 வோல்ட்டுக்கு மேல் ஏறி நிற்கும். மீட்டர் மணிக்கு ஒரு யூனிட்டுக்கு மேல் ஓடிக்கொண்டே இருக்கும். ஈரக் கையோடு ஒருவர் குழாயைத் திறக்கும்வரை யாருக்கும் தெரியாது.

அதே இடத்தில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (போகும் கரண்டும் திரும்பும் கரண்டும் ஒத்துப்போகாவிட்டால் வெட்டும் ஸ்விட்ச்) இருந்தால், 5.75 ஆம்பியர் என்பது அதன் வரம்பைப்போல 190 மடங்கு. 40 மில்லி செகண்டுக்குள் வெட்டிவிடும். தொட்டால் தாங்கக்கூடிய எல்லை 50 வோல்ட் என்று எடுத்தால், 50-ஐ 0.03-ஆல் வகுக்க 1,667 ஓம் வருகிறது. அதுவரைக்கும் அந்த ஆர்சிசிபி காப்பாற்றும். பாறை நிலத்தில் உயிரைக் காப்பது அதுதான், எர்த் அதற்குத் துணை. ஐஎஸ் 12640 என்ற இந்தியத் தர முத்திரை பார்த்து வாங்குங்கள். எல்இடி, வாஷிங் மெஷின், இன்வெர்ட்டர் எல்லாம் இருக்கும் வீட்டுக்கு 'ஏ' டைப் (எலக்ட்ரானிக் பொருட்களின் துடிக்கும் டிசி கசிவையும் உணர்வது) எடுங்கள், 'ஏசி' டைப் வேண்டாம்.

வீடு முழுக்க ஒரே ஆர்சிசிபி போடாதீர்கள். 30 மில்லி ஆம்பியர் என்று எழுதியிருந்தாலும் 15-க்கும் 30-க்கும் நடுவில் எங்கே வேண்டுமானாலும் அது விழலாம். மழைக்காலத்தில் ஒவ்வொரு கெய்சரும் கொஞ்சம் கொஞ்சம் கசியும். எல்லாம் சேர்ந்து ராத்திரி 2 மணிக்கு வீடே இருட்டாகும். மறுநாள் யாராவது வந்து ஆர்சிசிபியை பைபாஸ் செய்துவிட்டுப் போவார்கள். உண்மையான ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது. கெய்சர் ஒவ்வொன்றுக்கும் 16 ஆம்பியர், 30 மில்லி ஆம்பியர் ஆர்சிபிஓ (ஆர்சிசிபியும் எம்சிபியும் சேர்ந்தது) தனித்தனியாகக் கொடுங்கள். ஹீட்டர் பாயின்ட்டுகளுக்கு ஒரு ஆர்சிசிபி, லைட்டுக்கு ஒன்று, ஃபிரிட்ஜுக்கு ஒன்று என்று பிரியுங்கள். ஒரு ஆர்சிசிபியின் நியூட்ரல் இன்னொன்றின் நியூட்ரலோடு எந்த ஸ்விட்ச் பாக்ஸிலும் சேரக் கூடாது. புது வீட்டில் காரணமில்லாமல் ட்ரிப் ஆகிறது என்றால் முதலில் இதைத்தான் தேட வேண்டும்.

இனி எர்த். ஐஎஸ் 3043 சொல்கிற பைப் எலக்ட்ரோடு 2.5 மீட்டர் நீளம். பாறை தட்டினால் செங்குத்திலிருந்து 30 டிகிரி வரை சாய்த்து இறக்கலாம். ஆனால் மண்ணே மெல்லிய தோலாக இருக்கும் இடத்தில் ஆழம் தேடுவதைவிட நீளம் தேடுவது மேல். 25க்கு 4 மி.மீ. ஜிஐ பட்டையைக் குறைந்தது அரை மீட்டர் ஆழத்தில், சரிவுக்குக் குறுக்கே, மேட்டு மண் வந்து சேரும் கீழ்ப்பக்கத்தில் ஓட்டுங்கள். மண்ணின் ரெசிஸ்டிவிட்டி (கரண்டைத் தடுக்கும் தன்மை) 300 ஓம்-மீட்டர் என்று எடுத்துக் கணக்குப் போட்டால், ஒரு 4 செ.மீ. பைப் சுமார் 105 ஓம் தரும். 15 மீட்டர் பட்டை 33 ஓம், 30 மீட்டர் பட்டை 19 ஓம். உப்பும் கரியும் கொட்டினால் சரிவில் ஒரு பருவ மழையிலேயே உப்பு கரைந்து ஓடிவிடும், போகிற போக்கில் ஜிஐயையும் அரிக்கும். பெண்டோனைட் கலந்த களிமண் நல்லது. அளப்பதை மார்ச் மாதத்தில் வையுங்கள். ஐப்பசி மழையில் எடுத்த ரீடிங் நம்மை ஏமாற்றும்.

ஹீட்டருக்கு வருவோம். 2 கிலோவாட் என்றால் 8.7 ஆம்பியர், அதுவும் ராத்திரி முழுக்க. 6 ஆம்பியர் சாக்கெட் தாங்குவது 1,380 வாட்தான். விருந்தாளி கன்வெர்டர் பிளக் போட்டு அதில் சொருகுவார். பின்னால் 16 ஆம்பியர் எம்சிபி இருந்தால் 18 ஆம்பியர் வரை ஒரு மணி நேரத்துக்கும் வாய் திறக்காது. அப்படி ஓடிய சாக்கெட்டைக் கழற்றிப் பாருங்கள்: துளையைச் சுற்றிப் பழுப்பு வளையம், ஒயரின் இன்சுலேஷன் நுனியில் கண்ணாடிபோல் கெட்டிப்பட்டு இருக்கும். பெரும்பாலும் டெர்மினலில் நுழையாத நாலு இழையை வெட்டிவிட்டு மீதியை முறுக்கியிருப்பார்கள். அந்தப் பாக்ஸுக்குப் பின்னால் இருப்பது காய்ந்த பைன் பலகை. எனவே ஒவ்வொரு அறையிலும் ஹீட்டருக்கென்றே 16 ஆம்பியர் பாயின்ட், 2.5 ஸ்கொயர் (சதுர மி.மீ.) காப்பர் ஒயர், தனி 16 ஆம்பியர் எம்சிபி. கட்டில் பக்கத்துச் சாக்கெட்டுகளுக்கு 6 ஆம்பியர் எம்சிபி. அப்போது தப்பாகச் சொருகினாலும் அது விழும்.

கிளாஸ் ஊலைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். அரை மீட்டருக்கு மேல் சுற்றிலும் இன்சுலேஷனுக்குள் போகும் ஒயரின் தாங்குதிறனைப் பாதியாகவே எடுக்க வேண்டும். கன்ட்யூட் குழாயில் 20 ஆம்பியர் தாங்கும் 2.5 ஒயர் அங்கே 10 ஆம்பியர்தான். ஒன்று ஒயர் போகும் பாதையை ஊலுக்கு வெளியே கொண்டுபோங்கள், இல்லையென்றால் 6 ஸ்கொயர் போடுங்கள். பலகைக்குப் பின்னால் ஜாயின்ட் கூடவே கூடாது. பலகை அடிக்கும் முன் அளவு டேப்பை வைத்துச் சுவரைப் போட்டோ எடுத்து வையுங்கள், ஆணி எங்கே இறங்கக் கூடாது என்று கார்பென்டருக்குத் தெரியும். ஒயர் எஃப்ஆர்-எல்எஸ்எச் (தீ எளிதில் பரவாத, புகை குறைந்த வகை) ஆக இருக்கட்டும்.

மொத்த லோடு 14 கிலோவாட், ஒரே பேஸில் 61 ஆம்பியர். த்ரீ பேஸ்தான் வாங்க வேண்டும். த்ரீ பேஸில் ஒரு புதுக் கவலை. காற்றில் கற்பூர மரம் விழுந்து நியூட்ரல் மட்டும் அறுந்தால், லோடு குறைந்த பேஸில் 230 வோல்ட் 400 பக்கம் ஏறும். எம்சிபியும் ஆர்சிசிபியும் இதைக் கண்டுகொள்ளாது. டிபியில் (எம்சிபிகள் இருக்கும் பெட்டி) ஓவர் வோல்டேஜ் ரிலே ஒன்றும், இடியால் வரும் திடீர் வோல்டேஜை எர்த்துக்குத் திருப்பும் டைப் 2 எஸ்பிடி ஒன்றும் வையுங்கள். எஸ்பிடியிலிருந்து எர்த் பார் (எர்த் ஒயர்கள் சேரும் பட்டை) வரை ஒயர் அரை மீட்டருக்குள் முடியட்டும்.

கனெக்‌ஷன் கொடுக்கும் முன், எலக்ட்ரானிக் பொருட்களையும் எஸ்பிடியையும் கழற்றிவிட்டு 500 வோல்ட் மெக்கர் (இன்சுலேஷனை அளக்கும் கருவி) வைத்து ஒவ்வொரு சர்க்யூட்டும் 1 மெகா ஓமுக்கு மேல் வருகிறதா பாருங்கள். ஈரச் சுவரில் புதிதாக இழுத்த ஒயர் குறைவாகக் காட்டினால், பூச்சு காய்ந்தபின் மறுபடி அளக்கலாம்; இரண்டாம் முறையும் குறைந்தால் ஒயரை மாற்றுங்கள். கரண்ட் வந்தபின் ஆர்சிசிபியின் 'டி' பட்டனை அழுத்தி விழுகிறதா பார்த்துவிட்டு, அந்தத் தேதியை டிபி கதவின் உள்பக்கம் எழுதி வையுங்கள். அடுத்த மாதம் அதே தேதியில் மறுபடி அழுத்த வேண்டும்.