பக்கெட்டில் கொம்பு பூட்டினால் எத்தனை மூட்டை தூக்கலாம்?

கேள்வி: கந்தப்பளையில் மரக்கறித் தோட்டம் வைத்திருக்கிறேன். முன்பக்கம் லோடர் பூட்டிய ட்ரக்டர் ஒன்று இருக்கிறது. பலட் என்ற மரத் தட்டில் அடுக்கி வரும் உர மூட்டைகளை, பலட்டுக்குப் பத்து வீதம், லொறியிலிருந்து இறக்க வேண்டும். பழைய இரும்புக் கடையில் லொறி ஸ்பிரிங் பட்டை கிடைக்கிறது. அதைப் பக்கெட் வாயில் வெல்டிங் வைத்து ஃபோர்க் ஆக்கலாமா?

பதில்: ஃபோர்க், அதாவது பாரம் தூக்கும் கொம்பு, செய்யலாம். ஸ்பிரிங் பட்டையில் மட்டும் வேண்டாம். அது கரி கூடிய எஃகு. வெல்டிங் சூடு ஆறும்போது ஒட்டின் ஓரம் கண்ணாடிபோல் உடையும் தன்மைக்கு வந்துவிடும். வளைந்து எச்சரிக்காது, ஒரேயடியாக முறியும். பக்கெட்டின் வெட்டு விளிம்பும் அநேகமாகக் கடின எஃகுதான். அதிலும் ஒட்டாதீர்கள், துளையும் போடாதீர்கள். கழற்றி மாட்டும் கொம்பாகவே செய்யுங்கள்.

ஆனால் இரும்புக்கு முன்னால் தூரத்தைப் பேச வேண்டும். லோடர் புத்தகத்தில் இருக்கும் கிலோ பெரும்பாலும் பக்கெட்டை லோடர் கையோடு மாட்டும் இரும்பு முளையில் (pin) தூக்கும் அளவு. அந்த முளையிலிருந்து பக்கெட் விளிம்பு 70 சென்டிமீட்டர், விளிம்பில் 700 கிலோவைச் சாயாமல் பிடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 120 சென்டிமீட்டர் பலட்டின் நடுப்பாரம் விளிம்புக்கு வெளியே இன்னும் 60 தள்ளி நிற்கும். 700 × 70 ÷ 130: ஏறக்குறைய 375 கிலோ. கொம்பும் பலட்டும் 70 கிலோவைத் தின்றுவிடும். மிச்சம், 50 கிலோ மூட்டை என்றால், ஆறு மூட்டை. பத்து என்ற பேச்சே இல்லை. உங்கள் லோடரின் அளவுகளைப் போட்டு இதே கணக்கைச் செய்து பாருங்கள்.

மேடுபள்ளத்தில் மொத்தப் பாரமும் ஒரே கொம்பில் விழும். அதனால் ஒவ்வொன்றும் தனியே 300 கிலோ தாங்க வேண்டும். 100 மில்லிமீட்டர் அகலம், 20 கனமுள்ள சாதாரண இரும்புப் பட்டை பார்க்க முரடாக இருக்கும். இந்தப் பாரத்தில் வளைந்துவிடும். 75 × 50 பெட்டிக் குழாய், சுவர் 5 மில்லிமீட்டர், 75 பக்கம் நிமிர்ந்து நிற்கும்படி வைத்தால், மூன்று மடங்குக்கு மேல் பலம். எடையோ மீட்டருக்கு 9 கிலோதான், பட்டை 15க்கும் மேல்.

குழாய் பக்கெட்டின் அடியில் ஓடட்டும். அதன் மேல் கனத் தகட்டில் ஒரு கொக்கி செய்து, விளிம்பின் மேல் மாட்டி, 20 மில்லிமீட்டர் போல்ட்டால் இறுக்குங்கள். பலரும் சிக்கனம் பிடிப்பது வால் நீளத்தில், அதாவது விளிம்பிலிருந்து பக்கெட்டின் அடியில் பின்னோக்கி ஓடும் குழாயில். பக்கெட்டின் அடியில் வால் 40 சென்டிமீட்டர் போனால் கொக்கியில் விழும் இழுவை 750 கிலோ. 20தான் போனால் அதுவே 1200. அரை முழ இரும்பை மிச்சப்படுத்தி விளிம்பை வளைத்துக்கொள்ளாதீர்கள். இரு கொம்புகளுக்கும் குறுக்கே ஒரு கம்பி ஒட்டிவிடுங்கள்; சரிவில் பக்கவாட்டில் விலகாது. முன்னால் வழுக்காமலிருக்க வாலிலிருந்து பக்கெட்டுக்கு ஒரு சங்கிலி.

7018 என்ற வெல்டிங் குச்சியால் ஒட்டுவதானால், நம் பனியில் நமத்துப்போன குச்சி வேண்டாம். அந்த ஈரமே ஒட்டுக்குள் வெடிப்பாகும். திறந்து கிடந்த பெட்டியிலிருந்து ஒட்ட வருகிறவரிடம் குச்சியை அதற்கான அடுப்பில் காய வைத்து ஒட்டச் சொல்லுங்கள். முகம் சுளிப்பார், பரவாயில்லை.

அடுத்தது உங்கள் ஊர்ச் சரிவு. இந்த ரக ட்ரக்டர்களில் பிரேக் பெரும்பாலும் பின் சில்லுகளுக்குத்தான். முன்னால் பாரம் கூடினால் பின் சில்லு லேசாகி, பிரேக்கும் கைவிடும். பின்னால் எதிர்ப்பாரம் கட்டாமல் தூக்கவே வேண்டாம். பாரத்தோடு ஏறும்போது முன்னால் ஏறுங்கள். இறங்கும்போது ரிவர்சில், பாரம் மேட்டுப் பக்கம் இருக்கும்படி. நான்கு சில்லும் இழுக்கும் வசதி இருந்தால் அதைப் போட்டே இறங்குங்கள். கொம்பு தரையிலிருந்து ஒரு சாணுக்கு மேல் எழ வேண்டாம். லொறித் தட்டு உயரத்துக்குத் தூக்குவது சமதரையில் மட்டும், அதுவும் ஆறு மூட்டையோடு. மிச்ச நாலை, லொறியில் நிற்கும் பையன்கள் தோளில் இறக்கட்டும்.